நிக்கோ ஷின்க்யோ பாலம்: 300 யென் கொடுத்து ஏறணுமா, ரோட்டிலிருந்து பார்த்தால் போதுமா?

கேள்வி:
நவம்பர் முதல் வாரம் டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் நிக்கோ போய்வர எண்ணம். கூட அம்மா வருகிறார்; முழங்கால் வலி, சுத்த சைவம். அந்தச் சிவப்புப் பாலத்தில் ஏறுவது அவசியமா? மூன்று குரங்கு சிற்பம் எவ்வளவு தூரம்? சாப்பாடு?

பதில் 1:
ஏறினாலும் அக்கரையில் இறங்க முடியாது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மறுமுனை வரை நடந்து வந்த வழியே திரும்ப வேண்டும். நீளம் 28 மீட்டர், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில் வளாகத்துக்கு இதுதான் முகப்பு. புத்தாராசான் ஆலயத்துக்குச் சொந்தம்.

பாலத்தின் சிறப்பு அதன் அடிவயிற்றில் இருக்கிறது. இரு கரையிலும் பாறைக்குள் மரத்தூலங்களைச் சாய்வாகச் செருகி, தோரி (ஷிண்டோ ஆலய நுழைவாசல்) வடிவிலான கல்தூண்கள் அவற்றைத் தாங்க, நடுப்பகுதியை அந்தத் தூலங்களின் மேல் இணைத்திருக்கிறார்கள். ஆற்றின் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மேலே நின்றால் இது எதுவும் கண்ணில் படாது. பக்கத்திலுள்ள ரோட்டுப் பாலத்தின் நடைபாதையில் நின்றால் கல்தூண், தூலம், பாலத்துக்குப் பத்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே ஓடும் டாய்யா ஆறு எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும், காசும் இல்லை. படம் எடுப்பவர்கள் நிற்பதும் அங்கேதான். லாரி போனால் நடைபாதை அதிரும். மாலை இருட்டில் படம் கலங்க அது போதும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் 300 யென்னை அவ்வளவு மட்டமாகச் சொல்ல வேண்டாம். 1636-இல் இந்த வடிவம் வந்த நாள் முதல் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்), பேரரசரின் தூதர், பூசாரிகள்தான் கடப்பார்கள். மற்றவர்களுக்குப் பக்கத்தில் தனிப்பாலம். 1879-இல் வந்த அமெரிக்க முன்னாள் அதிபர் கிராண்டுக்கு அனுமதி கொடுத்தும், அந்த மரியாதை வேண்டாமென்று அவர் மறுத்துவிட்டார். பொதுமக்களுக்குத் திறந்தது 1973-இல்தான்.

இப்போது நிற்பது 1636-இன் மரமும் இல்லை. 1902 வெள்ளத்தில் பாலம் அடித்துச் செல்லப்பட்டு 1904-இல் மறுபடி கட்டினார்கள். பெரிய பழுதுபார்ப்பு முடிந்தது 2005-இல்.

அதே வெள்ளத்தின் தடயத்தைப் பார்க்க ஆசையிருந்தால் கான்மான்கஃபுச்சி ஆற்றோரம் போங்கள். சிவப்புக் குல்லாய் அணிந்த ஜிசோ (பயணிகளையும் குழந்தைகளையும் காக்கும் பௌத்தத் தெய்வம்) சிலைகள் சுமார் 70, பாசி படிந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். போகும்போது எண்ணியதும் திரும்பும்போது எண்ணியதும் ஒத்துவராது என்பது ஊர்ப்பேச்சு. சில சிலைகளை 1902-இல் ஆறு கொண்டுபோய்விட்டது. அங்கே டிக்கெட் கிடையாது, கூட்டமும் குறைவு.

பதில் 3:
முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். ரயில் நிலையத்திலிருந்து பாலம் வரை கடைத்தெரு முழுக்க மேட்டு வழி, 20-25 நிமிடம். பாலத்துக்கு எதிரே காட்டுக்குள் ஏறும் கற்படிகளில் அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள். கோயில் சுற்றுப் பேருந்தில் ஏறி ஓமோதேசாந்தோ நிறுத்தத்தில் இறங்குங்கள். பாலத்தைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், வழி இறக்கம்தான்.

மூன்று குரங்கு இருப்பது தோஷோகு ஆலயத்தின் குதிரை லாயத்தில். முதல் வாசல் தாண்டியதும் இடப்பக்கம், வண்ணம் பூசாத மரக்கட்டடம் அது ஒன்றுதான். காந்தியின் குரங்குகளாக நமக்குப் பழகிய அதே மூவர்! எட்டுப் பலகையில் ஒரு வாழ்க்கையின் பருவங்கள் வரிசையாக ஓடும். இவர்கள் அதில் ஒரே ஒரு பலகை. எல்லாரும் அதை மட்டும் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

யோமேய்மோன் வாசலுக்கு இன்னும் கொஞ்சம் படி. அதன் வெள்ளைத் தூண்களில் ஒன்றில் மட்டும் அலங்காரம் தலைகீழாக இருக்கும், நம்மூர்த் திருஷ்டிப் பொட்டு மாதிரி: முழுமையடைந்தது சரியத் தொடங்கும் என்ற நம்பிக்கை. உறங்கும் பூனைச் சிற்பத்தைத் தாண்டி, இந்த ஆலயத்தில் வணங்கப்படும் ஷோகுன் இயேயாசுவின் சமாதிக்கு 207 கற்படி. அம்மா பூனையோடு நிற்கட்டும்.

பதில் 4:
ரயிலில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டோக்கியோவின் அசாகுசாவில் புறப்படும் தோபு (தனியார் ரயில் நிறுவனம்) விரைவு வண்டிகளில் பல நிக்கோ வராமல் கினுகாவா என்ற ஊர்ப்பக்கம் போய்விடும். நேரடி வண்டி இல்லையென்றால் ஷிமோ-இமாய்ச்சியில் மாறுங்கள். நேரடி என்றால் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. ஜேஆர் பாஸ் (ஜேஆர் ரயில்களுக்கான சுற்றுலாப் பயணச்சீட்டு) இருந்தால் உத்சுனோமியா வழி.

சாப்பாடு: யூபா. பால் கொதித்தால் ஆடை படியுமே, அதேபோல் சோயாப்பாலின் ஆடை. நிக்கோவில் நடுவில் குச்சி விட்டு இரண்டாக மடித்து எடுப்பதால் கியோத்தோவை விடத் தடிமன். சைவம் என்று நம்பி நூடுல்ஸோடு கேட்காதீர்கள், குழம்பில் மீன்சாறு இருக்கும். ‘ஷோஜின் ர்யோரி’ என்று முன்பே சொல்லிவைத்தால் கோயில் முறைச் சைவச் சமையல் கிடைக்கும்.

நவம்பர் முதல் வாரம் பாலத்தருகே இலை சிவக்கும் பருவம். அன்றைக்கே கேகோன் அருவிக்கும் ஆசைப்பட்டால் 48 கொண்டை ஊசி வளைவுள்ள இரோஹாசாக்கா ரோட்டில் மணிக்கணக்கில் சிக்குவீர்கள். வார இறுதி என்றால் அருவியை விட்டுவிடுங்கள்.