10 கிளப், 17 வருடம்: இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ் டிவிஷன்களில் ஒரு டிஃபெண்டர் எப்படிக் காலம் தள்ளுகிறார்?

ஆஃப்சைட் ஆறுமுகம்:

பிரீமியர் லீக் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். சமீபத்தில், பல டிவிஷன் அணிகளும் ஒன்றோடொன்று மோதும் எஃப்.ஏ. கோப்பையில் ஓர் ஆட்டம் பார்த்தேன். நாலாவது டிவிஷனான லீக் டூ அணி ஒன்றின் சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்), முப்பத்தைந்து வயது இருக்கும், மேல் டிவிஷனிலிருந்து வந்த இளம் ஸ்ட்ரைக்கரைத் தொண்ணூறு நிமிடமும் திரும்பவே விடவில்லை. வேகம் சுத்தமாக இல்லை, ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்று அவருக்கு மட்டும் யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் போல, அங்கே போய் நிற்கிறார்.

யார் இந்த மனிதர் என்று தேடினால் அவருடைய வரலாறு ரயில் அட்டவணை மாதிரி இருக்கிறது. 17 வருடத்தில் 10 கிளப், நடுவில் மூன்று லோன் (வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக ஆடப் போவது), இரண்டு இடத்தில் ஆறே மாதம். மொத்தம் 400-க்கு மேல் ஆட்டம், கோல் பத்தோ பன்னிரண்டோ. பெயர் வேண்டாம், இங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

என் சந்தேகம் இதுதான். எந்தக் கிளப்பும் வைத்துக்கொள்ள விரும்பாமல் துரத்திக்கொண்டே இருந்தார்களா, இல்லை அங்கே இதுதான் வழக்கமா? இவ்வளவு நன்றாக ஆடுகிறவரை மேலே இழுத்துக்கொள்ள மாட்டார்களா?

---

டச்லைன் தாஸ்:

ஆறுமுகம், 10 கிளப் என்பது அங்கே சர்வ சாதாரணம். நான் இங்கிலாந்தின் வடக்கில் இருக்கிறேன், 12 வருடமாக ஒரு லீக் டூ கிளப்புக்கு சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன் (எந்தக் கிளப் என்று சொன்னால் இங்கே இரண்டு பேர் சிரிப்பார்கள், அதனால் சொல்லமாட்டேன்).

பிரீமியர் லீக்கில் 20 அணி. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24, ஆக 72. அதற்கும் கீழே நேஷனல் லீக். ஒரு காலத்தில் நாலாவது டிவிஷனில் கடைசியாக வந்த கிளப்புகள் மற்ற கிளப்புகளிடம் ஓட்டு வாங்கி உள்ளேயே இருந்துவிடும், 1987-லிருந்து அந்தச் சலுகை கிடையாது, கடைசியில் முடித்தால் வெளியேதான். கிளப்பே அடுத்த வருடம் எந்த டிவிஷனில் இருக்கும் என்று தெரியாதபோது ஆட்டக்காரருக்கு யார் நாலு வருடக் கான்ட்ராக்ட் கொடுப்பார்கள்? பெரும்பாலும் 1 வருடம், அதிர்ஷ்டம் இருந்தால் 2. ஜூன் 30-ஆம் தேதியோடு முடியும். மே மாதம் சீசன் முடிந்த சில நாளில் கிளப் ஒரு பட்டியல் போடும்: யார் இருக்கிறார், யாரோடு பேச்சு நடக்கிறது, யார் போகிறார். ஒரு சீசன் முழுக்க நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு ஆடியவர் பெயர் அந்த மூன்றாவது வரிசையில் இருக்கும், கீழே 'வாழ்த்துகள்' என்று ஒரு வரி.

இன்னொன்று மேனேஜர், அதாவது அணியைத் தேர்வு செய்கிற தலைமைப் பயிற்சியாளர். இந்த டிவிஷனில் மேனேஜர் ஒருவர் ஒன்றரை வருடம் தாங்கினாலே பெரிய விஷயம். புதிதாக வருகிறவர் தன்னிடம் முன்பு ஆடிய சென்டர் பேக்கைக் கையோடு கூட்டி வருவார், இருக்கிறவரை ஜனவரியில் லோனுக்கு அனுப்புவார். உங்கள் ஆளின் 10 கிளப்பில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். சில கான்ட்ராக்டில் இத்தனை ஆட்டம் ஆடினால் இன்னொரு வருடம் தானாக நீளும் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணிக்கையை நெருங்கும்போது ஆளுக்குத் திடீரென்று 'தொடையில் லேசான பிடிப்பு' வந்து பெஞ்சில் உட்காருவார். நாங்கள் கேலரியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்போம்.

ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் டிவியில் இது தெரியாது. எங்கள் மைதானத்தில் கார்னர் கொடி பக்கம் நின்றால் ஆட்டக்காரர் மூச்சு வாங்குவதே கேட்கும். பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை ராத்திரி, சாய்ந்து அடிக்கிற மழை, எதிரணிக்குக் கார்னர். எங்கள் சென்டர் பேக் தன் பத்தொன்பது வயது லெஃப்ட் பேக்கைப் பார்த்து 'லெஃப்ட் ஷோல்டர், லெஃப்ட் ஷோல்டர்' என்று தொண்டை கிழியக் கத்துகிறார், உன் இடது தோளுக்குப் பின்னால் ஆள் வருகிறான் என்று அர்த்தம். கத்திக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல், தன் பக்கத்தில் நிற்கும் ஸ்ட்ரைக்கரின் சட்டையை முழங்கைக்குக் கீழே இரண்டே விரலால் பிடித்திருக்கிறார். பந்து காற்றில் எழும்பிய அந்த நொடியில் ஓர் இழு, அவ்வளவுதான், ஸ்ட்ரைக்கர் குதிப்பது அரை நொடி பிந்துகிறது. நடுவருக்கு எதுவும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் அதே ஸ்ட்ரைக்கரைத் தோளில் தட்டிவிட்டுப் போனார். 46 லீக் ஆட்டம் இப்படி. பயணம் வேறு: 2015-16 சீசனில் பிளிமத்தும் கார்லைலும் ஒரே டிவிஷன், நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குக் கிட்டத்தட்ட 390 மைல், பஸ்ஸில்.

சம்பளத்தை இன்னும் வாரக் கணக்கில்தான் பேசுவார்கள். 1961 வரை உச்ச வரம்பே இருந்தது, எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் கிடையாது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் என்று மிரட்டிய பிறகுதான் அது ஒழிந்தது. அதனால் லாபம் மேலே இருக்கிறவர்களுக்குத்தான் அதிகம். லீக் டூவில் கிடைப்பது வேலை செய்கிற காலத்துக்குப் போதும், முப்பத்தாறு வயதுக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடப் போதாது.

---

பின்கம்பம்:

தாஸ் அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் 'மேலே இழுத்துக்கொள்ள மாட்டார்களா' என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டாரே. இழுத்துக்கொள்வார்கள். டிஃபெண்டர் டான் பர்னைப் பாருங்கள்.

பதினொரு வயதில் நியூகாசில் 'நீ போகலாம்' என்று அனுப்பிவிட்டது. அப்புறம் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ், டார்லிங்டன் என்று போகிறார், நடுவில் ஆஸ்டா கடையில் தள்ளுவண்டி சேகரிக்கிற வேலை. டார்லிங்டன் 2010-இல் லீக் டூவிலிருந்தே இறங்கிவிட்டது. 2011-இல் ஃபுல்லாம் வாங்கியது, உடனே வாழ்க்கை மாறிவிடவில்லை, யோவிலுக்கு லோன். அங்கே 2013-இல் லீக் ஒன் பிளேஆஃப் (மேல் டிவிஷனுக்கு ஏறும் கடைசி இடத்துக்கான போட்டி) இறுதி ஆட்டம், வெம்ப்ளியில், பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக 2-1, அதில் ஒரு கோல் இவருடையது. அப்புறம் பர்மிங்காம், விகன், பிரைட்டன், கடைசியாக 2022 ஜனவரியில், சின்ன வயதில் வெளியே அனுப்பிய அதே நியூகாசில். 2025 மார்ச் 16, மறுபடி வெம்ப்ளி, லீக் கோப்பை இறுதி, லிவர்பூல். அணித்தோழர் ட்ரிப்பியர் அடித்த கார்னரை அவ்வளவு தூரத்திலிருந்து தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 1955-க்குப் பிறகு நியூகாசில் ஜெயித்த முதல் உள்நாட்டுப் பெரிய கோப்பை. அதே வாரம் இங்கிலாந்து அணியிலும் முதல் ஆட்டம், 32 வயதில்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. அன்று பெஞ்சில் மேனேஜராக நின்ற எடி ஹவ்வும் ஒரு கீழ் டிவிஷன் சென்டர் பேக்தான். போர்ன்மத்தில் ஆடியவர், 2002-இல் போர்ட்ஸ்மத்துக்குப் போய் முழங்கால் போய்விட்டது. அவரைத் திரும்பக் கூட்டிவரப் போர்ன்மத் ரசிகர்களே காசு வசூல் செய்து கொடுத்தார்கள். 2007-இல் ஆட்டத்தை விட்டார், 31 வயதில் அதே கிளப்புக்கு மேனேஜர். அந்த சீசனை கிளப் தொடங்கியதே தண்டனையாக மைனஸ் 17 புள்ளியில், லீக் டூவின் அடியில். அங்கிருந்து பிரீமியர் லீக் வரை ஏற்றினார்.

---

ஈரப்புல்:

லாட்டரி விழுந்தவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எல்லாரையும் சீட்டு வாங்கச் சொல்வது மாதிரி இருக்கிறது பின்கம்பம். பதினாறு வயதில் கிளப்பில் பயிற்சிக்கு எடுக்கிறார்கள், இரண்டு வருடம் கழித்துப் பதினெட்டில் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மிச்சமிருக்கிறவர்கள்தான் உங்கள் லீக் டூ. ஆறுமுகம் பார்த்த ஆள் அந்தச் சல்லடையில் தங்கியவர், அதை முதலில் மதிக்கவேண்டும். மேலே போகவில்லையே என்று கேட்பது அவருக்குச் செய்கிற அநியாயம்.

மேலே போகிறவர்களில் பலர் உண்மையில் கீழிருந்து போகிறவர்களே இல்லை. பென் வைட் 2017-18-இல் நியூபோர்ட் கவுன்டிக்கு லீக் டூவில் ஆடினார், 2021-இல் ஆர்சனல் 50 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியது. கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் பிரைட்டனின் பையன், லோனில் தொழில் கற்க வந்தவர். அவர் வந்த அன்று தன் இடத்தை இழந்த சென்டர் பேக் யார் என்று யாராவது தேடியிருக்கிறோமா?

கிளப்பே இல்லாமல் போகிற கதையும் உண்டு. பரி, 1885-இல் தொடங்கிய கிளப், லீக் டூவிலிருந்து மேலே ஏறிய அதே கோடையில், 2019 ஆகஸ்ட் 27 அன்று, பணப் பிரச்சினையால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. சீசன் தொடங்கியாகிவிட்டது, மற்ற அணிகள் ஆள் எடுத்து முடித்த நேரம். இவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

அப்புறம் தலை. இதை யாரும் எழுதவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் முன்னாள் ஆட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. 2019-இல் வந்த முடிவு, மூளை நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. 2021-இல் ஆடும் இடத்தைப் பிரித்துப் பார்த்தார்கள்: கோல்கீப்பருக்கு ஏறக்குறைய எல்லாரையும் போலத்தான், டிஃபெண்டருக்குச் சுமார் ஐந்து மடங்கு. அதே 2021-இல்தான் இங்கிலாந்தில் பயிற்சியின்போது வேகமாக வரும் பந்தைத் தலையால் முட்டுவது வாரத்துக்கு 10-க்குள் இருக்கட்டும் என்று வழிகாட்டுதல் வந்தது. பயிற்சிக்குத்தான். சனிக்கிழமை ஆட்டத்தில் யார் எண்ணப்போகிறார்கள்? மேல் டிவிஷனில் பந்தைத் தரையோடு நகர்த்திக் கொண்டுபோவார்கள், கீழே மைதானம் சேறாக இருக்கும் மாதங்களில் பந்து பாதி நேரம் வானத்தில்தான் இருக்கும், அது இறங்குகிற இடத்தில் நிற்பது சென்டர் பேக்கின் நெற்றி.

---

பின்கம்பம்:

தலை விஷயத்தில் ஈரப்புல்லோடு சண்டை இல்லை. பென் வைட் விஷயத்திலும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஷ்லி வில்லியம்ஸ் லோன் பையன் இல்லையே? வெஸ்ட் பிராம் வேண்டாம் என்றதும் ஹெட்னஸ்ஃபோர்டில் ஆடி, 2003-இல் ஸ்டாக்போர்ட், 2008-இல் ஸ்வான்சி, அங்கிருந்து அந்த அணியோடேயே பிரீமியர் லீக். 2016 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) வேல்ஸ் கேப்டன், பெல்ஜியத்துக்கு எதிராகத் தலையால் கோல். 2013-இல் ஸ்வான்சி லீக் கோப்பை வாங்கியதே லீக் டூவில் இருந்த பிராட்ஃபோர்டைத் தோற்கடித்துத்தான், 5-0. அந்த பிராட்ஃபோர்ட் அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவுக்குப் போட்ட கோல்களில் இரண்டு அவர்களுடைய சென்டர் பேக்குகள் மெக்கார்டில், மெக்ஹியூ போட்டவை.

---

பழைய ஸ்கோர்கார்டு:

எண்ணிக்கைப் பைத்தியம் நான், ஆகவே எண்ணிக்கை மட்டும். இங்கிலாந்து லீக்கில் கோல்கீப்பரைத் தவிர்த்து அதிக லீக் ஆட்டம் ஆடியவர் டோனி ஃபோர்டு, 931. 1975-இல் கிரிம்ஸ்பியில் தொடங்கி 2001-இல் ரோச்டேலில் முடித்தார். விங்கராகத் தொடங்கி, கால் வேகம் குறையக் குறையப் பின்னால் வந்து ரைட் பேக்காக முடித்தவர். அடுத்தவர் கிரஹாம் அலெக்சாண்டர், ஸ்கந்தோர்ப், லூட்டன், பிரஸ்டன், பர்ன்லி. பிரீமியர் லீக்கில் அவருடைய முதல் ஆட்டம் 2009-இல், 37 வயதில். டிஃபெண்டராக இருந்தும் 100-க்கு மேல் கோல், பெரும்பாலும் பெனால்டி. 2012-இல் பிரஸ்டனுக்காக ஆடிய கடைசி ஆட்டத்திலும், சார்ல்டனுக்கு எதிராக, ஃப்ரீகிக்கில் ஒன்று போட்டுவிட்டுத்தான் போனார்.

ஆறுமுகம், உங்கள் ஆளின் பட்டியலில் கிளப் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஆட்டத்தைப் பாருங்கள். 400 என்றால் 400 தடவை ஏதோ ஒரு மேனேஜர் வெள்ளிக்கிழமை ராத்திரி யோசித்து அவர் பெயரை எழுதியிருக்கிறார்.

---

ஆஃப்சைட் ஆறுமுகம்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த 400-ஐ நான் ஒரு எண்ணாகத்தான் பார்த்திருந்தேன். தாஸ் அண்ணா, உங்களுக்குத் தனிச்செய்தியில் பெயர் அனுப்பியிருக்கிறேன், தெரியுமா பாருங்கள். இன்னொரு கேள்வி, இவர்கள் ஆடி முடித்த பிறகு என்ன செய்வார்கள்?

---

டச்லைன் தாஸ்:

பெரும்பாலும் ஒரேயடியாக நிறுத்தமாட்டார்கள். இரண்டு படி கீழே இறங்கினால் பகுதிநேர அணிகள், செவ்வாய், வியாழன் சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், பகலில் வேறு வேலை. சிலர் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்குவார்கள். எங்கள் பழைய லெஃப்ட் பேக் ஒருவர் இப்போது பிளம்பர், என் நண்பன் வீட்டு பாய்லரைச் சரிசெய்ய வந்தார், வேலையைவிட அரட்டைதான் அதிக நேரம் நடந்ததாம்.

பெயர் பார்த்தேன். அட, அவரா! எங்களுக்கு இரண்டு சீசன் ஆடியவர். மே மாதப் பட்டியலில் மூன்றாவது வரிசையில் போட்டு அனுப்பினோம். அடுத்த நவம்பரில் எதிரணிச் சட்டையில் வந்தார், எழுபதாவது நிமிடம், கார்னர், எங்கள் ஆள் தூங்கிவிட்டான், நெற்றியால் ஒரே முட்டு. கொண்டாடவில்லை, எங்கள் கேலரியைப் பார்த்து ஒரு கையை மட்டும் தூக்கிவிட்டுத் திரும்பி ஓடினார். நீங்கள் சொன்ன அந்தப் பத்துப் பன்னிரண்டில் அது ஒன்று.