பக்கத்து மனையை மூன்றடி உயர்த்துகிறார்கள், எங்கள் தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி (மடிப்பாக்கத்திலிருந்து)

எங்களுடையது 1998-இல் அப்பா கட்டிய வீடு. அப்போது தெருவைவிட இரண்டடி உயரம். தார் மேல் தார் போட்டுப் போட்டு இப்போது ஒரு படிதான் மிச்சம். 2015 டிசம்பரில் ஹாலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும்.

கிழக்கே ஒரு கிரவுண்ட் காலி மனை. எங்கள் பின்கட்டுத் தண்ணீர் இத்தனை வருடமும் அதன் வழியாகத்தான் வடிந்தது. போன மாதம் அதை வாங்கியவர்கள் லாரி லாரியாக மண் கொட்டி மூன்றடி உயர்த்திவிட்டார்கள். கேட்டால், "அனுமதி வாங்கியாச்சு சார்" என்கிறார்கள். அனுமதி இருந்தால் இப்படிச் செய்யலாமா? வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம் என்கிறார் தம்பி. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

பதில் 1 (சைட் இன்ஜினியர், வேளச்சேரி)

சார், 22 வருடமாக வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம்தான் வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்வி எனக்கு வாரம் ஒருமுறை வருகிறது.

முதலில் அந்த அனுமதி. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் சுயசான்று போதும், உடனே அனுமதி வந்துவிடும். முன்கூட்டி யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. அதனால் உங்கள் பின்கட்டுத் தண்ணீர் எங்கே போகும் என்று எந்த அதிகாரியும் யோசித்து அதைக் கொடுத்திருக்க மாட்டார். பெரிய மனைப்பிரிவு என்றால் நீர்வளத் துறையிடம் வெள்ள அபாயம் குறித்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். எத்தனை மீட்டர் உயர்த்துவது, வடிகால் எங்கே சேர்வது என்று அதில் எழுதியே கொடுப்பார்கள். ஒரு கிரவுண்டுக்கு அந்தக் கண்காணிப்பு இல்லை.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் பேசுகிறது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவைப் படியுங்கள். மேட்டு நிலத்தில் விழும் மழை இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடுவதை, பள்ளத்து நிலக்காரர் அனுமதிக்க வேண்டும். அவர் மனை உங்களுக்குப் பள்ளமாக இருந்தது. மண்ணைக் கொட்டி அந்த ஓட்டத்தை மறிக்கிறார் என்பதுதான் உங்கள் வாதம். மண் கொட்டுவதற்கு முன் எடுத்த படம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அளவையும் பாருங்கள். ஒரு கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. 10 செ.மீ. மழைக்கு அந்த மனையில் மட்டும் 22,000 லிட்டர் விழும், கிட்டத்தட்ட இரண்டு லாரித் தண்ணீர். கீழே களிமண், பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பக்கம்தான், ஐப்பசியில் நிலத்தடி நீர் கையெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். உறிஞ்சுகுழி இருந்தாலும் அவ்வளவையும் வாங்காது. மேட்டிலிருந்து உங்கள் சுவரைப் பார்த்துத்தான் இறங்கும். அப்புறம் அந்தக் காம்பவுண்ட் சுவர்! ஒன்பது இன்ச் செங்கல் சுவர் ஈர மண்ணின் தள்ளுவிசையைத் தாங்கக் கட்டியதல்ல. பள்ளிக்கரணையில் ஒரு சுவர் சாய்ந்து பைக் மேல் விழுந்ததை நேரில் பார்த்தேன். நல்ல வேளை, யாரும் நிற்கவில்லை.

பக்கத்து மனைக்காரர் செய்ய வேண்டியது சின்ன வேலை. எல்லை ஓரமாகத் தன் மனைக்குள் ஓரடி அகலக் கால்வாய், 200-க்கு 1 சரிவு. மனை அறுபதடி நீளம் என்றால் மொத்தச் சரிவே 9 செ.மீ.தான். கடைசியில் வண்டல் தங்க ஒரு தொட்டி, அங்கிருந்து தெரு வடிகால். உங்கள் பின்கட்டுத் தண்ணீரையும் அதில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கழிவுநீரை மட்டும் யாரும் அதில் விடக் கூடாது, மாநகராட்சி அபராதம் போடும்.

பேசப் போகும் முன், ஒரு டியூபில் தண்ணீர் பிடித்து, உங்கள் பின்கட்டுத் தரைக்கும் தெரு வடிகாலுக்கும் மட்டம் பாருங்கள். வெறும் கோபத்தோடு போனால் சண்டை வரும், எண்ணோடு போனால் கேட்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டுப் புகார், கடைசியாக வக்கீல்.

பதில் 2 (ராம் நகரிலிருந்து)

ஒன்று சேர்க்கிறேன். கால்வாய் தெரு வடிகாலில் சேரும் இடத்தில் ஒரு தகட்டு மூடி வையுங்கள், தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும். சதுப்பு நிலம் நிரம்பினால் தெரு வடிகால் வாங்காது, எதிர்த்துத் தள்ளும். 2015-இல் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது வாசல் வழியாக இல்லை, தெரு வடிகாலுக்குப் போகும் குழாய் வழியாகத்தான். ஜாக்கி வைத்துத் தூக்கினால் வீடு தப்பும், ஆனால் பின்கட்டில் தேங்கும் தண்ணீர் அங்கேயேதான் நிற்கும்.

கேள்வி கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)

டியூப் வைத்துப் பார்த்தோம். மறுமுனையைப் பிடித்தது பக்கத்து மனைக்காரரின் மகன்தான், நான் கூப்பிடாமலே வந்தார். எங்கள் பின்கட்டுத் தரை தெரு வடிகாலின் அடிமட்டத்தைவிட 31 செ.மீ. உயரம். அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் அப்பா, "சரி, கால்வாய் என் பக்கம் வரட்டும், மூடி செலவு உங்களுடையது" என்றார். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வருகிறார். சுவருக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. கால்வாய்க்கும் சுவருக்கும் நடுவே மண்ணை எவ்வளவு சரித்துவிடச் சொல்ல வேண்டும், இன்ஜினியர் சார்?