கடலோர வீட்டில் காமிக்ஸ், பொம்மை, மாடல் சேகரிப்பு: உப்புக்காற்றை எப்படிச் சமாளிப்பது?

மண்டபம்_வாசகி

வணக்கம். எங்கள் வீடு மண்டபத்தில், கரையிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா சேர்த்த முத்து, லயன், ராணி காமிக்ஸ் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். கணவருக்கு ரோபோ, விண்வெளிப் பொம்மைகள் என்றால் உயிர். மகன் (9) டைகாஸ்ட் கார் (உலோகத்தில் வார்த்த பொம்மைக் கார்) சேர்க்கிறான். மகளுக்கு (13) ஸ்கேல் மாடல், அதாவது அசலை அளவு குறைத்துச் செய்யும் மாதிரி, கட்ட ஆசை. நாலு பேருடையதையும் ஹாலில் ஒரே கண்ணாடி அலமாரியில் வைத்து, எல்லாரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி செய்ய நினைக்கிறோம்.

தொல்லை இதுதான்: காமிக்ஸில் அடித்த ஸ்டேப்ளர் பின் எல்லாம் துரு, தாள் அலை அலையாக நெளிகிறது, பழுப்புப் புள்ளி விழுகிறது. இரண்டு பொம்மை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கார் அச்சுகள் சிவந்துவிட்டன. ஏசி ஒரு படுக்கையறையில் மட்டும், இரவில்தான் ஓடும். எதை முதலில் கவனிப்பது?

தாள்பித்தன் (கீழக்கரை)

அலமாரிக்கு முன்னாடி காற்றின் ஈரத்தை அளக்கும் ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். வாங்கியதும் சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடியில் கல்லுப்பு நிரப்பி, சேறு மாதிரி ஆகுமளவு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒரே டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 75% காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துப் படியுங்கள்.

இந்த 75-ஐ மனதில் வையுங்கள். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால், பொருள்மேல் படிந்திருக்கும் உப்புத்தூள் தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து உப்புநீராகிவிடும். பின்னும் அச்சும் துருப்பிடிப்பது அதனால்தான். தாளுக்கு 45 முதல் 55 வரை நல்லது. 65-ஐத் தாண்டவே விடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். பெட்டிக்குள் நாலு பொட்டலம் போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போடுங்கள். 80% ஈரத்தில் கிடந்த தாள் 50 சதவீதத்துக்கு இறங்க, தன் எடையில் சுமார் 4% தண்ணீரை விட வேண்டும். 10 கிலோ காமிக்ஸ் என்றால் 400 கிராம் தண்ணீர். ஜெல் தன் எடையில் கால்வாசிதான் குடிக்கும். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஜெல் வேண்டியிருக்கும். 5 கிராம் பொட்டலம் எந்த மூலைக்கு?

அதனால் முதலில் உலர்த்துங்கள், பிறகு பெட்டி. ஏசி ஓடும் இரவுகளில் புத்தகங்களைப் படுக்கையறையில் நிறுத்தி வைத்து, தாள் லேசாக விரிந்திருக்கும்படி விடுங்கள். காலையில் ஏசியை அணைத்ததும் அறைக்கதவைத் திறந்தால் இரவு காய்ந்தது பகலில் திரும்பிவிடும். அதற்கு முன்பே பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். மூன்று நான்கு இரவு இப்படிச் செய்த பிறகு, ரப்பர் வளையம் வைத்த 40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்கு 250 கிராம் ஜெல் போதும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு உண்டு, பிள்ளைகள் கைபடும் இடத்துக்கு ஆகாது. நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் மறுபடி உயிர் பெறும்.

வெளிக்காற்றில் உலர்த்துவதானால் ஊருக்கு ஊர் வித்தியாசம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஜூன், ஜூலையில் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் காற்று நிலத்தைத் தாண்டி வருகிறது, உலர்ந்த காற்று. எங்கள் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் அதே காற்று மன்னார் கடல்மேல் வருகிறது, உப்போடு. மண்டபம் இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிறது. உங்களுக்கு எந்தக் காற்றும் உதவாது. ஏசி அறைதான் கதி. வாடைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பெட்டியைத் திறப்பதையே குறையுங்கள்.

உறை வாங்கும்போது புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பி.வி.சி. தொடாதீர்கள், நாளடைவில் அமிலம் கக்கி மையைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஜவுளிக்கடையில் சட்டை போட்டுத் தருகிற, சலசலக்கும் கண்ணாடிக் கவர் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக். அது நல்லது. பின்னால் தாங்கல் அட்டைக்குச் சாம்பல்நிற அட்டை வேண்டாம், அதிலேயே அமிலம். விளம்பரப் பலகை செய்யும் கடையில் 2 மி.மீ. சன்பேக் ஷீட் கேளுங்கள், அதுவும் பாலிப்ரோப்பிலீன். சன்போர்டு என்று கொடுத்தால் வாங்காதீர்கள், அது பி.வி.சி. நுரை.

துருப்பிடித்த பின்னை இழுக்கவே கூடாது, தாளும் கூடவே வரும். நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கிய மூங்கில் குச்சியால் பின்னின் இரண்டு காலையும் ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். புத்தகத்தைக் கவிழ்த்து, முதுகுப் பக்கம் பின்னுக்கடியில் குச்சியை நுழைத்து நெம்பினால் கழன்று வரும். ஓட்டையைச் சுற்றி உதிர்ந்த துருவை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். செலோடேப் ஒரு இடத்திலும் வேண்டாம். முத்து 1972-இல் தொடங்கியது, லயனும் ராணியும் 1984-இல். அந்தக் காலச் சாணித்தாள் மடிப்பில் முறியும். மடிப்பை மறுபக்கம் திருப்பிப் படிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

தொண்டி_டைகாஸ்ட்

அக்கா, ஒரே அலமாரி யோசனையை விட்டுடுங்க. தாளுக்கு மூடின பெட்டி வேணும், பொம்மைக்குக் காத்தோட்டம் வேணும். ரெண்டும் ஒத்துவராது.

பிசுபிசுப்பு அழுக்கு இல்ல. மெத்துன்னு இருக்குற பி.வி.சி. பொம்மைக்குள்ள கலந்த இளக்கி எண்ணெய் வெளிய கசியுது. சூடும் அடைச்ச காத்தும் சேர்ந்தா சீக்கிரம் கசியும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் நாலு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கியால மெல்லத் தேய்ங்க. கடைசி அலசல் போர் தண்ணில வேண்டாம், நம்ம பக்கம் போர் தண்ணியே உப்பு. காவிரித் தண்ணி, இல்லன்னா ஆர்.ஓ. தண்ணில அலசி நிழல்ல காய வைங்க. தின்னர், சானிடைசர் பட்டா பெயின்ட் போயிடும். அலமாரிக் கண்ணாடிய மேலயும் கீழயும் ஒரு விரல் இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்க. சன்னல் வெயில் நேரா விழுற சுவர் வேண்டாம், வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும்.

ரோபோவுல பேட்டரி இருந்தா இன்னிக்கே கழட்டுங்க. ஆல்கலைன் பேட்டரி கசிஞ்சு வெள்ளையா பூத்திருந்தா, காதுகுடையுற பட்ஸ்ல வினிகர் தொட்டுத் துடைச்சு, பிறகு ஆர்.ஓ. தண்ணி தொட்டுத் துடைச்சு, நல்லாக் காய விடுங்க. பட்டன் செல்லு உள்ள பொம்மைக்கு மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கணும். சின்னக் குழந்தை முழுங்கினா உயிருக்கே ஆபத்து.

கார் உடம்பு துத்தநாகக் கலவை, அச்சுதான் இரும்பு. ஆர்.ஓ. தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு, காஞ்சதும் ஊசிமுனையில தையல் மெஷின் எண்ணெய் எடுத்து அச்சுல ஒரு பொட்டு வைங்க. ரப்பர் டயர்ல படக்கூடாது, உப்பிடும். ரொம்பப் பழைய டைகாஸ்ட் தானா விரிசல் விட்டு வெடிச்சா அது உப்பால இல்ல, வார்க்கும்போது கலந்த ஈயத்தால. அதுக்கு மருந்து கிடையாது, பக்கத்துல உள்ளதுக்குத் தொத்தவும் தொத்தாது.

பாச்சை உருண்டை எங்கயும் போடாதீங்க. அந்த ஆவி மாடல் கிட் பிளாஸ்டிக்க இளக்கிடும்.

மண்டபம்_வாசகி

கீழக்கரைக் காக்கா (அண்ணன்), தொண்டித் தம்பி, இருவருக்கும் நன்றி. இரண்டு இடமாகப் பிரித்துவிடுகிறோம். ஆனால் பூட்டி வைத்தால் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது? நாலு பேரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். மகளுக்கு முதல் மாடல் எது? பாகங்களோடு பெட்டியில் வரும் கிட் விலை பயமாக இருக்கிறது. இன்னொன்று, டிரங்கில் ராமபாணப் பூச்சியும் இருக்கிறது.

மாடல்_மேசை (இராமநாதபுரம்)

கிட் வேண்டாம் சகோதரி, எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் மாதிரியைக் கட்டுங்கள். பேக்கரும்பில் கலாம் நினைவிடம் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே ராக்கெட், ஏவுகணை மாதிரிகளைப் பிள்ளைகள் நேரில் பார்த்துவிட்டு வந்து கட்டட்டும். கலாம் திட்ட இயக்குநராக இருந்த ராக்கெட் இது. 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

அளவு அழகாகப் பொருந்தும். அசல் உயரம் 22 மீட்டர். 1:50-இல் 44 செ.மீ. அடியில் உள்ள முதல் கட்டத்தின் விட்டம் 1 மீட்டர், அதாவது 20 மி.மீ. எலக்ட்ரிகல் கடையில் விற்கும் 20 மி.மீ. வயரிங் பைப்பின் வெளிவிட்டம் சரியாக அதே. முதல் கட்டம் 10 மீட்டர் நீளம், எனவே 20 செ.மீ. வெட்டுங்கள். அதற்கு மேலே உள்ள கட்டங்களின் விட்டம் 0.8 மீட்டரை ஒட்டியது, 16 மி.மீ. பைப். அது 20 பைப்புக்குள் கொஞ்சம் ஆட்டத்தோடு நுழையும், மாஸ்கிங் டேப் சுற்றி இறுக்குங்கள். 16 கிடைக்கவில்லை என்று சொட்டுநீர்ப் பாசனக் குழாயை வாங்கிவிடாதீர்கள், அது பாலிஎதிலீன். பசையும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது.

அடியில் நாலு துடுப்புக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு. 0.76 மி.மீ. கனம், அதுவும் பி.வி.சி.தான். பைப் ஒட்டும் சால்வென்ட் சிமென்ட்டைக் குச்சியால் தொட்டு வைத்தால் ஒரே பொருளாகிவிடும். இந்த வேலை மட்டும் பெரியவர்கள், சன்னலைத் திறந்து வைத்து. மூக்குக்கு எம்-சீல் பிசைந்து வைத்து, இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்துக் கூம்பாக்குவது ஒன்பது வயதுப் பையனுக்கு நல்ல வேலை. சூப்பர் க்ளூவை நம் ஊர் ஈரத்தில் நிறைய விட்டால் சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும், ஒரு சொட்டோடு நிறுத்துங்கள்.

பெயின்ட்டுக்கு முன் பைப்பை 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவிக் காயவிட்டு, ப்ரைமர். ஈரமானி 65-க்குக் கீழ் இருக்கும் நாளில், காலை 11-இலிருந்து 3 மணிக்குள் அடியுங்கள். ஈரம் 65-க்கு மேல் இருக்கும்போது ஸ்ப்ரே லாக்கர் பெயின்ட் அடித்தால் ஆறும்போது ஈரம் படிந்து பால் மாதிரி வெளுக்கும். அப்படி நாளே கிடைக்கவில்லை என்றால் தண்ணீர் அக்ரிலிக், பிரஷ்ஷால் மெலிதாக மூன்று கை.

அடுத்து வேற்றுக்கிரகக் காட்சி செய்யலாம் என்று பிள்ளைகள் கிளம்புவார்கள். கரையில் கிடக்கும் பவளத்தை எடுக்க விடாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது, செத்த துண்டை வைத்திருந்தாலும் குற்றம். கடல் மணலும் வேண்டாம், அதன் உப்பு மாடலின் ஆணியைத் தின்றுவிடும். உடைந்த ஓடு, அடுப்புக்கரி, செய்தித்தாள் கூழ், ஃபெவிகால் போதும். செவ்வாய்க்கு அரைத்த செங்கல்தூளை விட நல்ல மண் இல்லை.

ஏர்வாடி_வானம்

பொருளே வேண்டாத ஒன்றும் இருக்கிறது. அறிவியல் புனைகதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஆல்ஃபா சென்டாரி, 4.37 ஒளியாண்டுத் தொலைவு, நம் கரையிலிருந்து நன்றாகத் தெரியும். தில்லிக்காரர்களுக்கு அது தொடுவானத்தை ஒட்டித்தான். ஜூன் நடுவில் இரவு 9 மணிக்கு, தெற்குப் பார்த்த கரையில் நின்று கையை முழுக்க நீட்டி, விரல்களை மடக்கி முஷ்டியைத் தொடுவானத்தில் வையுங்கள். ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி. இரண்டு முஷ்டி உயரத்தில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் பக்கம் பக்கமாக இருக்கும். இடப்பக்கம் இருப்பதுதான் அது. இரண்டையும் இணைத்து வலப்பக்கம் கோட்டை நீட்டினால் தென்சிலுவை. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள், கண் கூசாது.

தாள்பித்தன் (கீழக்கரை)

ராமபாணத்துக்கு: புத்தகத்தை ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, மேலே இன்னொரு கவர். மீன் வைக்கிற ஃப்ரீசரில்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் மூன்றாவது கவரும் போடுங்கள். மைனஸ் 18-இல் ஒரு வாரம். எடுத்த பிறகு 24 மணி நேரம் கவரைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த தாள்மேல் ஈரம் வியர்க்கும். டிரங்குப் பெட்டியில் திரும்ப வைக்க வேண்டாம், முட்டை அதன் மூலை மடிப்புகளில் இருக்கும். இத்தனையும் நடக்கும்போது மகனிடம் ஒரு கோடுபோட்ட நோட்டைக் கொடுங்கள்: இதழ் எண், ஆண்டு, அட்டை நிலை, நூல் போட்ட தேதி. இரண்டு பிரதி உள்ள இதழ்களை அவன்தான் கண்டுபிடிப்பான். அதில் மோசமான பிரதியைப் படிக்க வெளியே வையுங்கள், நல்லது பெட்டிக்குள்.