பிரஷ்யக் குதிரை எலும்புகள்: விலங்கெலும்பு ஆய்வு அறிந்தோரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 13ஆம் நூற்றாண்டில் பால்டிக் கடலோரப் பகுதியான பிரஷ்யாவை வென்று, 1309 முதல் இன்றைய போலந்திலுள்ள மால்போர்க் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெர்மானியத் துறவி வீரர்களின் அமைப்பான டியூட்டானிக் சிலுவைப்போர்ச் சபையின் குதிரைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். இறந்தவரோடு குதிரையையும் புதைத்துவந்த, அப்பகுதியின் பூர்வகுடிகளான பழம் பிரஷ்யர்கள், அச்சபையோடு செய்துகொண்ட 1249ஆம் ஆண்டின் கிறிஸ்ட்பர்க் உடன்படிக்கையில் அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக உறுதியளித்தார்கள்; ஒரு மக்களின் துக்கச் சடங்கிலிருந்தே குதிரை விலக்கப்பட்டது என்பது என்னை மிகவும் பாதித்தது. அதே சபை பெரிய போர்க்குதிரைகளையும், ‘ஸ்வைக்’ எனப்பட்ட சிறிய உள்ளூர்க் குதிரைகளையும் தனித்தனியே வளர்த்தது. அகழாய்வில் கிடைக்கும் கால் எலும்புகளின் நீளத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கலாம் என்று அறிவேன். ஆனால், போரில் சவாரிக்குப் பயன்பட்டதையும் ஏர் இழுத்ததையும் முதுகெலும்பு, பல் ஆகியவற்றின் தேய்மானத்தால் எவ்வளவு உறுதியாகப் பிரித்தறியலாம்? இத்துறையில் பயின்றவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.