டபிள்யூஇஓஎஃப் வந்தால் கோப்பு முடிந்துவிட்டதா?

வட்டெழுத்து: "எஃப்கெட்டபிள்யூசி, டபிள்யூஇஓஎஃப் தந்தால் கோப்பு முடிந்தது, லூப்பை நிறுத்து" என்று, சி மொழியில் கோப்பைப் படிப்பது பற்றிக் கேட்ட ஒரு புதியவருக்கு இங்கே பதில் போட்டிருக்கிறார்கள். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எஃப்கெட்டபிள்யூசி என்பது கோப்பை ஒவ்வோர் எழுத்துக் குறியீடாகப் படித்துத் தரும் செயற்கூறு; தர எதுவும் இல்லாதபோது அது தரும் மதிப்பு டபிள்யூஇஓஎஃப். பைட்டுகளை எழுத்தாக மாற்ற முடியாவிட்டாலும் அதே டபிள்யூஇஓஎஃப்தான் வரும். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். அதில் ஒன்று அறுந்தாலும் பிழை எண்ணை வைக்கும் எர்நோவில் ஈஐஎல்எஸ்இக்யூ (தவறான பைட் வரிசை) விழும். போன வாரம் என் நிரல் நாற்பதாவது வரியிலேயே நின்றுவிட்டது. மீதி முந்நூறு வரி அப்படியே கிடந்தது.

பைட்வேலன்: பதில் போட்டது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 15 வருடமாக சி எழுதுகிறேன். கோப்பின் முடிவு என்று பெயரிலேயே இருக்கிறதே. கெட்டுப்போன கோப்பைக் கொடுத்தால் அது நிரலின் குற்றமா?

வட்டெழுத்து: பெயரை விடுங்கள். படிக்கும்போது பிழை நேர்ந்ததா என்று சொல்லத்தான் ஃபெர்ரர் என்ற செயற்கூறு இருக்கிறது. ஃபெர்ரர் அழைத்தீர்களா, இல்லையா?

நள்ளிரவு நிரலர்: அதே பதிலில் முடிவை, எழுத்தை மட்டும் வைக்கும் டபிள்யூசார்_டி மாறியில் வாங்கியிருக்கிறார். டபிள்யூஇஓஎஃப்பையும் சேர்த்து வைக்கும் வின்ட்_டி அல்லவா வேண்டும்? மொழி அமைப்பை மாற்றும் செட்லோக்கேலும் இல்லை. நிரல் 'சி' என்ற அடிப்படை லோக்கேலில்தானே தொடங்கும்?

பைட்வேலன்: லினக்சில் டபிள்யூசார்_டி 32 பிட். எனக்கு ஒருநாளும் உதைத்ததில்லை.

நள்ளிரவு நிரலர்: விண்டோசில் 16 பிட். எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை.

பைட்வேலன்: விண்டோசை யார் கேட்டது? போன விவாதத்திலும் இப்படித்தான் ஊடே புகுந்தீர்கள்.

முகில்: இந்த அகல எழுத்துச் செயற்கூறுகளே வேண்டாம் என்பேன். எஃப்கெட்ஸ் வைத்து பைட்டாகப் படியுங்கள். 'கொ' என்பதே இரண்டு குறியீடு. எஃப்கெட்டபிள்யூசி அதை முழு எழுத்தாகத் தரவா போகிறது?

வட்டெழுத்து: அது வேறு பேச்சு, முகில். அப்புறம், அதே ஸ்ட்ரீமில் (திறந்த கோப்பில்) பைட், அகல எழுத்து இரண்டையும் கலந்துவிடாதீர்கள். முதலில் பைட்டாகப் படித்தால் அது பைட் ஸ்ட்ரீம்தான். கோப்பை மறுபடி திறக்கும் ஃப்ரீஓப்பன் போட்டுத்தான் மீட்க வேண்டும். நான் கேட்பது ஒன்றே: ஃபெர்ரர் எங்கே?

முகில்: சி தரத்தின் 1995 திருத்தத்தில் இதையெல்லாம் சேர்க்காமலே இருந்திருக்கலாம்.

வட்டெழுத்து: சேர்த்தாயிற்று, ஆட்கள் பயன்படுத்துகிறார்கள். புதியவர் ஒருவர் பாதிக் கோப்பைப் படித்துவிட்டு முழுவதும் படித்ததாக நம்புவார். எனக்கு வலிப்பது அதுதான். பைட்வேலன், பதிலைத் திருத்துங்கள். லூப்புக்குப் பிறகு ஒரே ஒரு ஃபெர்ரர், இரண்டு வரி.

பைட்வேலன்: திருத்த மாட்டேன். கேட்டவருக்கு என் நிரல் ஓடியது, நன்றியும் சொல்லிவிட்டார்.

வட்டெழுத்து: அவர் கொடுத்தது ஆங்கிலக் கோப்பு, எழுத்துக்கு ஒரே பைட்! ஃபெர்ரர் அழைத்தீர்களா, இல்லையா?