கான்பரா பழங்குடி ஆய்வு நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

கேள்வி
ஆஸ்திரேலியப் பழங்குடிப் பாடல் மரபைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுத எண்ணி, கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் பழங்குடியினர் மற்றும் டாரஸ் நீரிணைத் தீவினர் ஆய்வு நிறுவனத்தின் (ஐயாட்சிஸ்) பட்டியலைப் பார்த்து வருகிறேன். சில ஒலிப்பதிவுகளைக் கேட்க உரிய சமூகத்தின் ஒப்புதல் வேண்டும் என்றும், சிலவற்றைக் கேட்கவே இயலாது என்றும் குறிப்பு உள்ளது. பொதுப்பணத்தில் நடக்கும் தேசிய நிறுவனம் ஆய்வாளருக்கு இப்படிக் கதவடைப்பது முறைதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1
இதற்கு விடை அந்நிறுவனத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் வென்ட்வொர்த் 1959-இல் முன்வைத்த யோசனை 1964-இல் சட்டமானபோது, இப்பண்பாடுகள் விரைவில் அழிந்துவிடும், அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்ற எண்ணமே அதன் அடியில் இருந்தது. யாருடைய பாடல்கள் சேகரிக்கப்பட்டனவோ அவர்களில் ஒருவர்கூடத் தொடக்க ஆட்சிக்குழுவில் இல்லை. ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ கேட்கத்தக்க சடங்குப் பாடல்களை முதியோர் நம்பிக்கையின் பேரில் பாடிக் கொடுத்தனர். நாடா சுழன்றது என்பதற்காக அவை பொதுச்சொத்தாகிவிடவில்லை. 1989-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்துக்கு இன்றைய பெயரைத் தந்தது; ஆட்சிக்குழுவில் இன்று பழங்குடியினரும் தீவினருமே பெரும்பான்மை. ஆகவே நீங்கள் கதவடைப்பு என்பதை, உரியவர் கைக்குத் திறவுகோல் போய்ச் சேர்ந்தது என்றே நான் கொள்வேன்.

மறுமொழி 2
முன்னவர் கூறியதை ஏற்கிறேன். ஆனால் எல்லாக் கட்டுப்பாடும் சமூகம் விதித்ததன்று. பதிவை ஒப்படைத்த ஆய்வாளர் விதித்த நிபந்தனைகளும் உண்டு. அத்தகைய இடங்களில் பாடியவரின் பேரப்பிள்ளைகளே அனுமதிக்குக் காத்திருக்க நேர்வது எனக்கு உடன்பாடானதன்று. மற்றொன்று: மூடி வைத்திருப்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல. காந்த நாடாக்கள் சிதைந்து வந்ததோடு, அவற்றை ஓட்டும் கருவிகளும் அரிதாகியதால், 2025-க்குள் எண்மமாக்காதவை இழக்கப்படலாம் என்று ஒலி ஆவணக் காப்பகங்கள் எச்சரித்து வந்தன. எவரும் கேட்க இயலாத பதிவுகளுக்கும் இந்தப் பாதுகாப்பு தேவையே. அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளவற்றைத் திரும்பப் பெறுவதிலும் ஐயாட்சிஸ் ஈடுபட்டுள்ளது. அம்முயற்சியின் பயனாக, இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகம் 2023-இல் வட ஆஸ்திரேலியாவின் குரூட் தீவில் வாழும் அனிந்தில்யாக்வா மக்களுக்கு 174 பொருள்களைத் திருப்பித் தந்தது. அவற்றுள் சிப்பியால் ஆன பொம்மைகளும் இருந்தன.

கேள்வி கேட்டவர்
நன்றி. அவ்வாறாயின், என்னைப் போன்ற வெளியாள் எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 3
தலைப்பை முடிவு செய்யும் முன்பே, நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அறநெறிக் கோவையைப் படித்துவிடுங்கள். தன்னுரிமை, பழங்குடியினரின் தலைமை, ஆய்வின் பயனும் மதிப்பும், நிலைத்தன்மையும் பொறுப்புடைமையும் என்னும் நான்கு கோட்பாடுகளில் அது நிற்கிறது. ஆய்வேட்டை எழுதி முடித்துக் கையெழுத்துக்காக மட்டும் சமூகத்தை அணுகுவதை அது ஏற்காது. வினாவை வகுக்கும்போதே அவர்கள் உடனிருக்க வேண்டும். ஆஸ்ட்லாங் என்னும் மொழித் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தே உள்ளது. எந்த மொழியில் எவ்வகை ஆவணம் உண்டு என்பதை அதில் பார்த்து, ஒரே ஒரு சமூகத்தைத் தேர்ந்து, அதன் மொழி மையத்துக்கோ, பழங்குடியினரின் நில உரிமைகளைக் கவனிக்கும் நில மன்றத்துக்கோ முதலில் எழுதுங்கள். விடை வரத் தாமதமாகலாம் என்பதால் ஆய்வேட்டுக் காலக்கெடுவை நெறியாளரிடம் இப்போதே பேசி வைப்பது நல்லது.