சான்ட்ரோ முன் சக்கரம்: ஆக்சில் ஹப்பை விட்டு வர மறுக்கிறது, உதவி தேவை

முத்துநகர்_வண்டி

வணக்கம். வண்டி 2009 மாடல் சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். ஊர் தூத்துக்குடி, வீடு உப்பளத்துப் பக்கம். வலப்பக்கம் முழுசாக ஒடித்துத் திருப்பினால் இடது சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். குனிந்து பார்த்தால் வெளிப்பக்க பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கிறது. ஜாயின்ட் போய்விட்டது என்று, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றும் ஆக்சிலையே முழுசாக வாங்கி வைத்துவிட்டேன்.

நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டையும் கழற்றியாயிற்று. பிரேக் காலிபரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன், ஹோஸ் இழுபடவில்லை. ஆனால் ஆக்சில், சக்கரம் மாட்டும் ஹப்புக்குள் ஒரு நூல்கூட அசையவில்லை. மரக்கட்டை வைத்துத் தட்டியும் பயனில்லை. முனையைச் சுற்றிச் செங்கல்பொடி போலத் துரு உதிர்கிறது, அவ்வளவுதான்.

பெரிய சம்மட்டியால் அடிக்கலாமா? பக்கத்துப் பட்டறையில் கேஸ் வைத்துச் சுட்டால் வந்துவிடும் என்கிறார்கள். ஹப் பேரிங் நன்றாக இருக்கிறது, அதைக் கெடுக்க மனமில்லை.

கோவை_பட்டறை

சம்மட்டியைக் கீழே வையுங்கள் தம்பி. நீங்கள் ஆக்சில் முனையில் அடிக்கிற அடி எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்ப்ளைன் (ஆக்சிலும் ஹப்பும் ஒன்றோடொன்று கோக்கும் பற்கள்) பிடித்திருப்பதால் ஆக்சில் நகராது, அடி அப்படியே ஹப்புக்குப் போகும். ஹப்பைத் தாங்கி நிற்பது பேரிங். அதனால் குண்டுகள்தான் அடி வாங்கி, அவை ஓடும் ரேஸில் பள்ளம் விழும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து அறுபது கிலோமீட்டர் வேகத்தில் 'ஊஊ' என்று சத்தம் கேட்கும்போதுதான் தெரியும்.

பழைய ஆக்சில்தானே, முனை போனால் போகட்டும் என்றும் நினைக்காதீர்கள். முனை நசுங்கி விரிந்துவிட்டால் துரு விட்ட பிறகும் அது ஹப் ஓட்டை வழியே வராது. அப்புறம் கிரைண்டர் வைத்துத் தேய்க்க வேண்டியதுதான். லேசாகத் தட்டுவதாக இருந்தால்கூட நட்டைத் தலைகீழாகத் திருப்பி, முனையோடு மட்டமாக வரும் வரை மாட்டி, பித்தளை ராடு வைத்துத் தட்டுங்கள்.

சரியான வழி ஹப் புல்லர். சக்கர ஸ்டட்டுகளிலேயே மாட்டி நட் போட்டு இறுக்குகிற வகை. நடு போல்ட் ஆக்சிலை உள்ளே தள்ளும், தட்டு ஹப்பை வெளியே இழுக்கும். இழுப்பும் தள்ளலும் ஹப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும், பேரிங்குக்குச் சுமையே போகாது. ஆக்சில் முனையின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும். போல்ட்டின் கூர் அதில் சரியாக உட்கார வேண்டும். மூன்று கால் புல்லரை டிஸ்க் விளிம்பில் மாட்டிவிடாதீர்கள். டிஸ்க் வார்ப்பிரும்பு, கோணும் அல்லது விரிசல் விடும்.

துருவேட்டை

அண்ணன் சொன்னது சரி. எண்ணெய் விஷயம் மட்டும் சேர்க்கிறேன். துரு ஆன பிறகு இரும்பு முன்பு அடைத்ததைவிட அதிக இடத்தை அடைக்கும். மழையில் ஊறிய கதவு நிலையில் பிடித்துக்கொள்கிற கதைதான் ஸ்ப்ளைனுக்குள் நடக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான் கெட்டி, இந்த மாதிரி ஆழமான துருவுக்குள் அது அவ்வளவாக இறங்காது. துரு இளக்குவதற்கென்றே தனி ஸ்ப்ரே வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம பங்கு கலந்து ஊற்றுவார்கள். அசிட்டோன் பட்டென்று தீப்பிடிக்கும், பெயின்டையும் அரிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிலின் உள்பக்கத் தோள் பேரிங்கில் அழுந்தி நிற்பதால் பின்னாலிருந்து எண்ணெய் போக வழியில்லை. முன்பக்கம், நட் இருந்த இடத்தில்தான் விட வேண்டும். வண்டி ஜாக்கியில் இருக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் நிற்பதால் எண்ணெய் வழிந்துவிடும். கொஞ்சம் விட்டு, தட்டி, காத்திருந்து, திரும்ப விடுங்கள். தட்டுகிற அதிர்வில்தான் அது உள்ளே இறங்கும்.

டார்ச்_மன்னன்

இதற்கு எதற்கு இவ்வளவு சுற்றுவழி? நாங்கள் ஹப்பை கேஸ் டார்ச்சில் காட்டி ஒரு தட்டு தட்டி எடுத்துவிடுவோம். ஹப் விரியும், ஆக்சில் உருவிக்கொள்ளும்.

கோவை_பட்டறை

@டார்ச்_மன்னன் பேரிங்கையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் சுடுங்கள், நானும் சுடுவேன். இவர் பேரிங் நல்லது என்கிறாரே. ஹப்பைச் சூடேற்றினால் பேரிங் கிரீஸ் இளகி ஓடும், சீல் கருகும். ஏபிஎஸ் இருக்கிற வண்டியாக இருந்தால் சென்சாரும் போகும். அதுவும் இவர் எண்ணெய் ஊற்றி ஊறவைக்கப் போகிறார், அதன்மேல் தீ காட்டச் சொல்வீர்களா? குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டினால் வருகிற புகை விஷம், அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முத்துநகர்_வண்டி

நன்றி அண்ணாச்சி. சுடுகிற யோசனையை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். கீழே சஸ்பென்ஷன் கையோடு பிடித்திருக்கும் பால் ஜாயின்ட்டைக் கழற்றாமலே புல்லர் போடலாமா? இல்லாவிட்டால் பின்னாலிருந்து ஆக்சிலைப் பிடித்து இழுத்தால் உதவுமா?

லேத்_வாத்தியார்

இழுக்கவே கூடாது. கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட் உள்ளும் வெளியும் நகர்கிற மாதிரி செய்தது, ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் அது பிரிந்து வந்துவிடும். தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

முதல் நகர்வு வரும் வரை பால் ஜாயின்ட் இருக்கலாம், ஹப்பையும் பேரிங்கையும் தாங்கும் நக்கிள் ஆடாமல் நிற்கும், உங்களுக்கு வேலை எளிது. ஆக்சில் நகர ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு பால் ஜாயின்ட்டைப் பிரித்து, நக்கிளை வெளிப்பக்கம் சாய்த்து ஆக்சிலுக்கு வழி விடுங்கள். வழி இல்லாமல் தள்ளிக்கொண்டே போனால் உள் ஜாயின்ட் கடைசி வரை போய், கியர்பாக்ஸை முட்டும்.

புல்லரை இறுக்கியதும் உடனே வரவேண்டும் என்று இல்லை. நல்ல இழுப்பில் இறுக்கி, புல்லர் போல்ட்டின் தலையில் சுத்தியலால் சுள்ளென்று ஒன்று வையுங்கள். திரும்பக் கால் சுற்று இறுக்குங்கள். வரவில்லையா, அந்த இழுப்போடே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். விடும்போது வெடி மாதிரி சத்தம் வரும், நேர் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். இம்பேக்ட் கன்னால் புல்லர் போல்ட்டைச் சுற்றாதீர்கள், மரை சிதைந்துவிடும்.

அதிலும் வராவிட்டால் கியர் ஆயிலை வடித்துவிட்டு, நக்கிளை ஆக்சிலோடு கழற்றி ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிற லேத்துக்குக் கொண்டுபோங்கள். முட்டுக் கொடுக்கும்போது ஹப் ஃப்ளாஞ்சின் (சக்கரம் மாட்டும் தட்டு) பின்புறத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். நக்கிளில் கொடுத்தால் அத்தனை டன்னும் பேரிங் வழியாகப் போகும். பல பட்டறைகளில் இதைத்தான் கவனிக்க மாட்டார்கள்.

முத்துநகர்_வண்டி

வந்துவிட்டது! பேரிங் கடையில் புல்லர் வாடகைக்குக் கிடைத்தது. சாயந்திரம் இறுக்கி அப்படியே விட்டேன். காலையில் போல்ட் தலையில் தட்டியதும் 'டொக்' என்று சத்தம், புல்லர் தளர்ந்தது. ஸ்ப்ளைனின் பாதி நீளம் வெள்ளையாகப் புதுசாகவே இருக்கிறது, வெளிமுனைப் பக்கம் மட்டும் பழுப்பாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன், சத்தமில்லை, ஆட்டமில்லை. புதுசை மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

லேத்_வாத்தியார்

ஹப்பின் உள் பற்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். துருத்தூள் பேரிங் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது ஆக்சில் கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், அடித்து ஏற்றாதீர்கள். ஸ்ப்ளைனில் மட்டும் மெல்லிசாகக் காப்பர் கிரீஸ். மரையில் தடவ வேண்டாம், டார்க் (முறுக்கு விசை) கணக்கு தப்பாகும்.

நட்டும் ஸ்பிளிட் பின்னும் புதுசு போடுங்கள். கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் ஊன்றி, ஒருவர் பிரேக் மிதித்திருக்கும்போது. அதுவும் மேனுவல் சொல்கிற அளவுக்கு, டார்க் ரெஞ்சில். நீளக் கம்பியான டாமி பாரில் ஏறி நிற்பது அளவு ஆகாது. நட்டின் வெட்டும் பின் ஓட்டையும் நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. அதுவரை வண்டியை ஒரு அடிகூட உருட்டாதீர்கள். நட்டின் இறுக்கம்தான் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது, அது இல்லாமல் எடையோடு உருண்டால் நீங்கள் காப்பாற்றிய பேரிங் அங்கேயே போய்விடும்.

துருவேட்டை

கியர்பாக்ஸ் பக்க ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள், விலை சொற்பம். ஆக்சிலை உருவும்போது ஒழுகிய கியர் ஆயிலை மட்டம் பார்த்து நிரப்ப மறக்க வேண்டாம். புல்லரைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் வலது பக்கத்தையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். அதே உப்புக்காற்றைத்தானே அதுவும் குடித்திருக்கும்.

முத்துநகர்_வண்டி

இன்னும் கொடுக்கவில்லை அண்ணே. வலது நட்டுக்கு இப்போதே எண்ணெய் விட்டு வைக்கிறேன். சீல் நாளைக்குக் கடை திறந்ததும்.